சிறுவிதையும் பெருநிழலும்

நுழையும்முன்

ஒரு பாடலை ஒருமுறை படித்ததும் பொருள் விளங்கிவிட்டது என்று நூலை மூடிவிடுகிறோம். சில பாடல்கள் எளிய சொற்களால் ஆனவை. ஆயினும், மீண்டும் மீண்டும் படிப்போருக்கே தம் முழுப்பொருளையும் காட்டுபவை. அத்தகைய பாடல் ஒன்றை ஒரு வகுப்பு எவ்வாறு படித்தது என்பதையும், ஒரு மாணவியின் வினா அப்பாடலை எவ்வாறு திறந்து காட்டியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஊர்ப்பெயரில் ஒரு காடு

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரைக் கடந்ததும் வரும் நிலையங்களுள் ஒன்று திருவாலங்காடு. முருகன் குடிகொண்ட திருத்தணி மலையும் ஆந்திர மாநில எல்லையும் இவ்வூருக்கு அணிமையில் உள்ளன. ஆல மரங்கள் செறிந்த காடாக இருந்தமையால் ஆலங்காடு என்னும் பெயர் பெற்றது. இங்குள்ள சிவபெருமானை வடாரண்யேசுவரர் என்பர். 'வடம்' என்பது ஆலையும் 'ஆரண்யம்' என்பது காட்டையும் குறிக்கும் வடசொற்கள். ஆகவே, ஊரின் பெயரும் இறைவனின் பெயரும் ஒரே மரத்தைச் சொல்கின்றன. காரைக்கால் அம்மையார் பதிகம் பாடிய ஊர் என்பது இதன் இலக்கியச் சிறப்பு.

இப்பகுதியிலுள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் யான் தமிழாசிரியராகப் பணியாற்றியபோது, ஓராண்டு பதினோராம் வகுப்பிற்கு வெற்றி வேற்கையில் இடம்பெற்ற ஆல்விதைப் பாடலை நடத்தினேன். ஆலின் பெயரைத் தாங்கிய ஊருக்கு அருகில் படிக்கும் மாணவர்களுக்கு அப்பாடல் எளிதில் விளங்கும் என்று எண்ணினேன். அவ்வெண்ணம் பாதிதான் சரி என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

பாடல் கூறும் பொருள்

வெற்றி வேற்கையை இயற்றியவர் அதிவீரராம பாண்டியர். இவர் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அரசராகவும் புலவராகவும் விளங்கியவர். நைடதம், காசிக் காண்டம் முதலிய நூல்களையும் இயற்றியவர். நறுந்தொகை என்னும் வேறு பெயரும் உடைய வெற்றி வேற்கை, சிறுவர் கற்பதற்குரிய நீதி நூலாக நெடுங்காலம் வழங்கி வருவது.

இந்நூலின் ஒரு பகுதியில் கவிஞர் இரண்டு விதைகளை எதிரெதிரே நிறுத்துகிறார். முதலாவது பனை விதை. இனிய, திரண்ட பழத்தினுள் இருக்கும் அவ்விதை பெரியது. அதிலிருந்து எழும் மரம் வானைத் தொடுவதுபோல் ஓங்கி வளரும். ஆயினும், ஒருவர் அமர்ந்து இளைப்பாறுவதற்கும் அதன் நிழல் போதாது என்கிறார் கவிஞர். இரண்டாவது ஆல் விதை. தெளிந்த குளத்து நீரில் வாழும் சிறுமீனின் முட்டையைக் காட்டிலும் அது நுண்ணியது. அவ்விதையிலிருந்து எழும் மரமோ யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையோடு வரும் மன்னன் தங்குவதற்கும் நிழல் தரும். இவ்விரண்டையும் காட்டியபின், தோற்றத்தில் பெரியோர் எல்லாரும் பெரியோர் அல்லர், சிறியோர் எல்லாரும் சிறியோர் அல்லர் என்னும் கருத்தைக் கவிஞர் நிறுவுகிறார்.

முதல் நாள் வகுப்பில் இவ்வளவும் தடையின்றி விளங்கியது. "உருவத்தைக் கண்டு எவரையும் எள்ளக் கூடாது" என்று மாணவர்கள் மையக்கருத்தை எழுதினர். அது பிழையற்ற விடையே. தேர்வில் முழு மதிப்பெண் பெறக்கூடிய விடையும் ஆகும்.

சொல்லாமல் விட்ட காலம்

மறுநாள் பாடலை மீண்டும் படிக்கச் செய்தேன். இம்முறை ஒரே ஒரு வினாவை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்: "இப்பாடலில் இல்லாதது எது?"

சிலர் மலர் இல்லை என்றனர். சிலர் மழை இல்லை என்றனர். ஒரு மாணவர், "காலம் இல்லை" என்றார். அதுவே அன்றைய பாடமாயிற்று.

மீன் முட்டையினும் சிறிய விதை ஒரு நொடியில் கூறப்படுகிறது. அடுத்த நொடியில் படை தங்கும் நிழல் வந்துவிடுகிறது. 'நுண்ணிதே ஆயினும்' என்பதற்கும் 'நிழல் ஆகும்' என்பதற்கும் இடையே எத்தனை மழைக்காலங்கள், எத்தனை கோடைகள், எத்தனை தலைமுறைகள்? கவிஞர் அவற்றுள் ஒன்றையும் சொல்லவில்லை. விதையையும் நிழலையும் நம் கையில் தந்துவிட்டு, இடையில் நிகழ்ந்ததை நாமே எண்ணிப் பார்க்குமாறு விட்டுவிடுகிறார். இப்பாடலைப் படிப்பது என்பது அவ்விடைவெளியை நிரப்புவதே ஆகும்.

விதையிலிருந்து விழுது வரை

அவ்விடைவெளியை நிரப்பத் தாவரவியல் துணைசெய்யும். ஆலம்பழம் என்று நாம் கூறுவது தனியொரு பூவிலிருந்து தோன்றிய கனி அன்று. எண்ணற்ற நுண்ணிய பூக்கள் ஒரு சிமிழின் உட்புறம் மலர்வதுபோல் அதனுள்ளே மலர்கின்றன. அதனால் அப்பூக்கள் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பூவாது காய்க்கும் மரத்தை நம் முன்னோர் 'கோளி' என்று பெயரிட்டு அழைத்தனர். ஆலம்பூக்களுக்கு மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பது, சிறுதுளை வழியே பழத்தினுள் புகும் மிகச் சிறிய குளவியினம். அக்குளவி இல்லையேல் விதை இல்லை.

பழுத்த கனியைப் பறவைகள் உண்கின்றன. அவற்றின் எச்சத்தின் வழியே விதைகள் பரவுகின்றன. விழும் இடத்தை ஆல் விதையால் தேர்ந்துகொள்ள முடியாது. பாறையிடுக்கு, பாழ்மண்டபச் சுவர், கோபுரத்தின் விரிசல், மற்றொரு மரத்தின் கவை என எங்கு விழுந்ததோ அங்கேயே அது தன் வாழ்வைத் தொடங்குகிறது. ஒரு கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில் முளைத்த கன்று, தன் வேரைச் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி நீட்டுகிறது. வேர் நிலத்தைத் தொடும்வரை அதன் வளர்ச்சி மிக மெல்லியது. காண்போர் கவனத்திற்கும் வாராதது. நிலத்தைத் தொட்ட பின்னரே கிளைகள் விரைந்து விரிகின்றன.

கிளைகள் அகன்று விரியும்போது அவற்றின் பளுவைத் தாங்கத் தாய்மரம் ஒன்று மட்டும் போதாது. எனவே, கிளைகளிலிருந்து விழுதுகள் இறங்குகின்றன. தொடக்கத்தில் அவை காற்றில் ஆடும் மெல்லிய கயிறுகள். சிறுவர் பற்றி ஊஞ்சலாடும் அளவினவே. ஒரு விழுது மண்ணைத் தொட்டு வேரூன்றியதும் பருத்துத் தூணாகிறது. அத்தூணின் வலிமையால் கிளை மேலும் ஓர் அடி நீள்கிறது. நீண்ட கிளை மற்றொரு விழுதை இறக்குகிறது. தாங்கும் வலிமையைத் தேடிக்கொண்ட பிறகே விரிவது ஆலின் இயல்பு. படை தங்கும் நிழல் இவ்வாறு ஒவ்வோர் அடியாக உருவாவது.

"பனை என்ன பிழை செய்தது?"

மூன்றாம் நாள் வகுப்பின் இறுதியில், பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருவர் எழுந்தார். அவர் வீட்டில் பேசும் மொழி தெலுங்கு. எல்லையோர ஊர்களில் இவ்வாறு இரு மொழிகளோடு வளரும் பிள்ளைகள் பலர். அவர் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்; செய்யுளைப் படிக்கச் சொன்னால் தயங்குபவர். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஒரு வினாவும் கேட்டதில்லை. அன்று அவர் கேட்டார்: "ஐயா, இந்தப் பாட்டில் பனை என்ன பிழை செய்தது?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்கு உடனே விடை தோன்றவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தவர் ஒவ்வொரு சொல்லிலும் நின்று சென்றார். விரைந்து படித்த நாங்கள் ஆலின் பக்கம் தாவி, பனையைக் கடந்து சென்றுவிட்டோம்.

அவருடைய வினாவை வகுப்பு முழுமைக்கும் பொதுவாக்கினேன். மாணவர்கள் தாம் அறிந்தவற்றைச் சொல்லத் தொடங்கினர். பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் அது முதலில் மேலே எழுவதில்லை. தண்டு போன்ற ஒரு முளை மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்குகிறது. அங்கேதான் நாம் அவித்து உண்ணும் பனங்கிழங்கு உருவாகிறது. பின்னரே குருத்தோலை வெளிப்படும். அதன்பிறகும் பல ஆண்டுகள் அது தரையோடு தரையாக, வடலியாகவே நிற்கும். பாளைவிட ஏறத்தாழ 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நட்டவருக்கு உடனே பயன் தராத மரம் பனை. அவ்வாறாயின், பொறுமையில் அது ஆலுக்குக் குறைந்ததன்று.

பாடல் பனையைப் பழிக்கிறதா என்று மீண்டும் பார்த்தோம். கவிஞர் பனையின் பழத்தை இனியது என்கிறார். அதன் வளர்ச்சியையும் ஏற்கிறார். நிழல் என்னும் ஓர் அளவுகோலால் மட்டுமே இரு மரங்களையும் அளக்கிறார். வேறோர் அளவுகோலை எடுத்தால் அளவு மாறும். நுங்கும் பதநீரும் கருப்பட்டியும் ஓலையும் நாரும் கிழங்கும் தரும் பனை, தமிழ்நாட்டின் மாநில மரம். ஆல், இந்தியாவின் தேசிய மரம். தொண்டை நாட்டில் ஆலின் பெயரால் திருவாலங்காடு இருப்பது போலவே, பனையின் பெயரால் திருப்பனங்காடு என்னும் தலமும் இருக்கிறது. நம் முன்னோர் இரு காடுகளையும் 'திரு' என்று அடைகொடுத்தே அழைத்தனர்.

நம் ஊர்ப்புறங்களில் மற்றொரு காட்சியையும் காணலாம். பனையின் மட்டைகளுக்கிடையே பறவை விட்டுச்சென்ற ஆல் விதை முளைத்திருக்கும். ஆலங்கன்று பனையைத் தழுவி வேரை இறக்கிக்கொண்டிருக்கும். நிழல் தராத மரமே நிழல் தரப்போகும் மரத்தைத் தன் தோளில் ஏந்தி நிற்கும். வளர்ந்த ஆல், தன்னைத் தாங்கிய பனையையே நெருக்கி அழித்துவிடுவதும் உண்டு. வளர்ச்சியைப் பற்றிச் சிந்திப்போர் இதனையும் மறைக்காமல் காண வேண்டும். பிறர் தோளில் ஏறி வளர்ந்தவர் அத்தோளுக்கு என்ன செய்தார் என்பதும் கேட்கத்தக்க வினாவே.

இறுதியாக ஒன்று நினைவுக்கு வந்தது. அதிவீரராம பாண்டியர் காலத்து நூல்கள் பனையோலையில் எழுதப்பட்டவை. ஓலை பழுதுறும்போதெல்லாம் புதிய ஓலையில் படியெடுத்தே அந்நூல்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். ஆலின் நிழலைப் புகழ்ந்த இப்பாடலையும் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது பனையின் ஓலையே. இதைக் கூறியபோது வகுப்பில் முன்பு சிரித்தவர்கள் அமைதியாயினர். பின்வரிசை மாணவி தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அடிமரம் போன பின்னும்

ஆல் எவ்வளவு விரியும் என்பதற்குச் சான்றாக மூன்று மரங்களைக் கூறலாம். கொல்கத்தாவை அடுத்த ஹவுராவில், இந்தியத் தாவரவியல் பூங்காவிலுள்ள பேராலமரம் இருநூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தது. 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்களால் அது சிதைவுற்றது. பின்னர்க் காளான் நோய் தாக்கியதால் அதன் அடிமரம் 1925ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. ஆயினும், ஆயிரக்கணக்கான விழுதுகளின் துணையால் அது இன்றும் ஒரு தோப்பைப் போல் விரிந்து நிற்கிறது. சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபை வளாகத்திலுள்ள ஆலமரம் பல நூற்றாண்டுகள் பழைமை உடையது. 1989ஆம் ஆண்டுப் புயலில் அதன் அடிமரம் சாய்ந்தது. அம்மரமும் விழுதுகளால் வாழ்கிறது.

மூன்றாவது, ஆந்திர மாநிலத்தில் கதிரிக்கு அருகிலுள்ள திம்மம்மா மர்ரிமானு. ஏறத்தாழ 5 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள இம்மரம், 1989ஆம் ஆண்டு கின்னஸ் நூலில் இடம்பெற்றது. இப்பெயரை யான் கரும்பலகையில் எழுதியபோது அதன் பொருள் பலருக்கு விளங்கவில்லை. பின்வரிசை மாணவி எழுந்து விளக்கினார்: "மர்ரி என்றால் ஆல், மானு என்றால் மரம். திம்மம்மா என்பது ஒரு பெண்ணின் பெயர்." தெலுங்கின் 'மானு' தமிழின் 'மரம்' என்பதற்கு உறவான சொல் என்பதையும் அன்று வகுப்பில் அறிந்துகொண்டோம். மொழிகளும் ஒரு மரத்தின் விழுதுகள்போல் தனித்தனியே ஊன்றி நிற்பவை; மேலே கிளையில் ஒன்றுபட்டிருப்பவை.

பாடலும் நாமும்

பதினோராம் வகுப்பிற்குள் நுழையும்போது நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு மதிப்பெண் பட்டியலோடு வருகிறீர்கள். அந்த எண்களைக் கொண்டு ஒருவர் பனங்கொட்டையளவு என்றும் மற்றொருவர் ஆல் விதையளவு என்றும் பிறர் கருதலாம். நீங்களும் உங்களைப் பற்றி அவ்வாறே கருதிக்கொள்ளலாம். விதையைப் பார்த்து நிழலைக் கணிக்க இயலாது என்று இப்பாடல் கூறுகிறது. அது வெறும் ஆறுதல் மொழி அன்று. சிறியதாக இருப்பதனாலேயே எந்த விதையும் பெருமரம் ஆகிவிடுவதில்லை. பறவை உண்ட பல்லாயிரம் ஆல் விதைகளுள் மரமாவன மிகச் சிலவே. வேர் நிலத்தைத் தேடி இறங்கிய நாள்களும், விழுது ஊன்றக் காத்திருந்த நாள்களும் சேர்ந்தே நிழல் ஆகின்றன.

வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாத நாள்களில் நாம் சோர்வடைகிறோம். ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறிப் படிப்பவருக்கும், ஒரு கணக்கை நான்காம் முறை தவறாகச் செய்தவருக்கும் தாம் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். கிழங்கு மண்ணுக்குள் இறங்கும் காலத்தில் பனையும் அவ்வாறே தோன்றும். சுவரிடுக்கில் வேர்விடும் காலத்தில் ஆலும் அவ்வாறே தோன்றும்.

அவ்வாண்டின் இறுதித் தேர்வுக்கு முன், பள்ளி இலக்கிய மன்றக் கூட்டத்தில் அம்மாணவி அப்பாடலை நூலைப் பாராமல் சொன்னார். இரண்டு இடங்களில் நின்றார், மறுபடி தொடங்கினார். பனையைப் பற்றிய அடிகளை மட்டும் சற்று உரக்கச் சொன்னார்.

தெரிந்து தெளிவோம்

நடராசப் பெருமான் ஆடிய ஐந்து சபைகளுள் இரத்தின சபை திருவாலங்காட்டில் உள்ளது. ஏனையவை: பொற்சபை – சிதம்பரம், வெள்ளி சபை – மதுரை, தாமிர சபை – திருநெல்வேலி, சித்திர சபை – குற்றாலம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், சோழர் வரலாற்றை அறிய உதவும் முதன்மையான சான்றுகளுள் ஒன்று. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் கொண்ட அச்செப்பேடுகள், பழையனூர் என்னும் ஊர் இக்கோயிலுக்குக் கொடையாக வழங்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன.

சொல்லும் பொருளும்

அணிமை – அருகு. செறிந்த – நெருங்கிய. கவை – கிளை பிரியும் இடம். வடலி – இளம்பனை. பளு – சுமை. கோளி – பூவாது காய்க்கும் மரம். அடைகொடுத்தல் – சிறப்புச் சொல் சேர்த்தல்.

இலக்கணக் குறிப்பு

சிறுவிதை, பெருநிழல் – பண்புத்தொகைகள். நுங்கும் பதநீரும் கருப்பட்டியும் – எண்ணும்மை. விரிந்த கிளை – பெயரெச்சம். தராத மரம் – எதிர்மறைப் பெயரெச்சம். பூவாது – எதிர்மறை வினையெச்சம்.

பகுபத உறுப்பிலக்கணம்

வளர்ந்தது = வளர் + த்(ந்) + த் + அ + து
வளர் – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – சாரியை. து – ஒன்றன்பால் வினைமுற்று விகுதி.

புணர்ச்சி விதி

ஆலங்காடு = ஆல் + காடு. மரப்பெயர் 'அம்' சாரியை பெற்று, ஆல் + அம் + காடு என்றாகி, மகரம் வரும் வல்லினத்திற்கு இனமாகத் திரிந்து ஆலங்காடு எனப் புணர்ந்தது.
பனங்காடு = பனை + காடு. ஈற்று ஐகாரம் கெட்டு, 'அம்' சாரியை பெற்று, பன் + அம் + காடு என்றாகிப் பனங்காடு எனப் புணர்ந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ மரத்தின் பெயரால் அமைந்த ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, அம்மரங்கள் இன்றும் அங்கு உள்ளனவா என்பதைக் கண்டறிந்து எழுதுக.
2. சுவரிலோ பிற மரத்திலோ முளைத்த ஆல் அல்லது அரசங்கன்று ஒன்றைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை அதன் வளர்ச்சியை அளந்து ஓராண்டுக் குறிப்பேடு உருவாக்குக.
3. 'தாங்கிய பனையை ஆல் அழிப்பது முறையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. திருவாலங்காடு என்னும் பெயர் அமைந்த காரணம் யாது?
2. 'கோளி' – விளக்குக.

சிறுவினா
1. ஆலின் விழுது தூணாக மாறும் முறையை எழுதுக.
2. அடிமரத்தை இழந்த பின்னும் ஆலமரம் வாழ்வது எவ்வாறு? இரு சான்றுகள் தருக.

நெடுவினா
1. "பனை என்ன பிழை செய்தது?" என்னும் வினா, ஆல்விதைப் பாடலின் பொருளை எவ்வாறு விரிவாக்கியது என்பதை உங்கள் கருத்தோடு இணைத்துக் கட்டுரை வரைக.